கோட்டையால் வந்த ஊர் அல்ல. கொடுத்த வாக்கால் வந்த ஊர்!

(ஆலங்காயத்தில் வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

போன வாரம் ஆம்பூரில் ஒரு நிகழ்ச்சி முடிந்து வெளியே வருகிறேன். ஒரு தம்பி வந்து கையைப் பிடித்துக் கொண்டான். "ஹஜ்ரத், பாண்டிச்சேரிக்கு டூர் போயிருந்தோம். வெள்ளைக்காரன் தெருவெல்லாம் எவ்வளவு அழகு! பிரெஞ்சுக்காரன் எப்படி ஊர் கட்டியிருக்கிறான் பாருங்கள்!" என்றான். நான் கேட்டேன்: "தம்பி, அந்த ஊரைக் கட்டியது பிரெஞ்சுக்காரன் என்று உனக்கு யார் சொன்னது?"

அவன் திகைத்து நின்றான். அவனுக்கு வழியில் நின்றபடி சொல்ல முடியாமல் போனதைத்தான் இன்று இந்த மேடையில் சொல்லப் போகிறேன். இது கதை அல்ல சகோதரர்களே, சரித்திரம்! அந்தச் சரித்திரத்தின் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஆம்பூர் மண்ணில்தான் இரத்தத்தால் எழுதப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கடனாளிக் கம்பெனி

பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயியின் காலம். அவருடைய மந்திரி கோல்பேர் 1664ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். டச்சுக்காரனும் ஆங்கிலேயனும் ஏற்கனவே இங்கே கடை விரித்து விட்டார்கள். பிரெஞ்சுக்காரன் கடைசியாக வந்தவன். 1668ல் சூரத்தில் ஒரு கிட்டங்கி, 1669ல் மசூலிப்பட்டினத்தில் ஒன்று. 1672ல் சென்னை சாந்தோமைப் பிடித்தான். கோல்கொண்டா படையும் டச்சுக்காரனும் சேர்ந்து முற்றுகையிட்டதில் 1674ல் அதையும் இழந்தான்.

அப்படித் தத்தளித்தவனுக்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா? பீஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர் கான் லோடி! பக்கத்திலே செஞ்சியை ஆண்ட நாசிர் முகம்மதுவுடன் அவருக்குப் பகை. கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரன் இருந்தால் வியாபாரமும் வரும், துணையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். 1673ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் பொறுப்புக்கு வந்தார். அவரோடு வந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர்!

யோசித்துப் பாருங்கள். 60 பேர்! நம் ஆலங்காயத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒரே பந்தியில் உட்காருவதை விடக் குறைவு. 1677ல் சிவாஜி படையெடுத்து வந்து செஞ்சியைப் பிடித்தார். ஷேர் கான் லோடி தோற்றுப் போனார். இடம் கொடுத்தவரே போய்விட்டார்! மர்த்தேன் சிவாஜியிடம் அனுமதி கேட்டுத்தான் அங்கே தொடர்ந்து இருந்தார். தாய்நாட்டிலிருந்து கப்பல் வருவதில்லை, பணம் வருவதில்லை. கம்பெனிக்கோ சூரத்தில் பெரும் கடன். பிற்காலத்தில் பிரெஞ்சுக் கப்பல் சூரத் துறைமுகத்துக்குப் போனால் கடன் கொடுத்தவர்கள் பிடித்து வைத்து விடுவார்கள் என்று பயப்படும் நிலையே வந்தது!

வியாபாரப் பெருமக்களே, உங்களுக்கு இது புரியும். பெரியமேட்டில் பாக்கி வைத்தவன் மறுபடி பெரியமேட்டுக்குள் எப்படி நுழைவான்? கம்பெனி பெரியதா, கொடி பெரியதா என்பதல்ல. நாணயம் இருக்கிறதா என்பதுதான் சந்தையில் கேள்வி.

ஊரை நிரப்பியது யார்?

அப்படியானால் அந்த ஊர் எப்படி வளர்ந்தது? மர்த்தேன் ஒரு விஷயத்தைப் புரிந்து கொண்டார். பிரான்சிலிருந்து ஜனங்கள் வந்து இந்த ஊரை நிரப்பப் போவதில்லை. ஐரோப்பாவில் எல்லோரும் கேட்டது சோழ மண்டலக் கரையின் துணி. துணி வேண்டுமென்றால் தறி வேண்டும். தறி வேண்டுமென்றால் நெசவாளி வேண்டும். நெசவாளிக்கு நூலும் முன்பணமும் கொடுக்க வியாபாரி வேண்டும். சாயம் போடுகிறவர், வெளுக்கிறவர், படகு தள்ளுகிறவர், கணக்கு எழுதுகிறவர் எல்லோரும் வேண்டும். இவர்கள் அத்தனை பேரும் இந்த மண்ணின் மக்கள்!

அந்தக் காலத்தில் இந்தச் சீமை முழுவதும் யுத்தம். செஞ்சியைச் சுற்றி மொகலாயப் படையும் மராத்தியப் படையும் மோதிக் கொண்டிருந்தன. எங்கே உயிருக்கும் தறிக்கும் பாதுகாப்பு என்று ஜனங்கள் தேடினார்கள். இங்கே வா, உன் தொழிலைச் செய், உன் வழக்கப்படி வாழ் என்ற வாக்கு கிடைத்த இடத்துக்குப் போனார்கள்.

1693ல் டச்சுக்காரன் புதுச்சேரியைப் பிடித்துக் கொண்டான். நேர்கோடாகத் தெருக்கள் போட்டு, நெசவாளருக்கும் மற்றத் தொழிலாளருக்கும் தனித்தனி வீதிகள் என்று திட்டம் வரைந்தான். இன்று நம் தம்பிகள் வியந்து பார்க்கிறார்களே அந்த நேர்த்தெருக்கள், அவற்றின் அடிப்படை டச்சுக்காரன் போட்டது! 1697 உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரனுக்குத் திரும்பக் கிடைத்தது. 1699ல் மர்த்தேன் மீண்டும் வந்தார். 1706 டிசம்பர் 31ல் அவர் இறந்தபோது ஊரின் ஜனத்தொகை 40,000 என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. அதில் வெள்ளையர் சொற்பம். அப்படியானால் ஊரைக் கட்டியது யார்? தறிக்குழியில் கால் வைத்தவன் கட்டினான்! தலைச்சுமை தூக்கியவன் கட்டினான்!

நிர்வாகம் நடந்த விதம்

1701ல் புதுச்சேரி பிரெஞ்சு இந்தியாவின் தலைமையிடமாக ஆனது. கவர்னர், அவருக்குத் துணையாக ஒரு கவுன்சில். அதில் உட்கார்ந்தவர்கள் கம்பெனியின் வியாபார உத்தியோகஸ்தர்கள். காலையில் துணி மூட்டைக்கு விலை பேசியவரே மாலையில் நீதிபதி! நம் மக்களின் வழக்குகளுக்குச் சாவடி என்ற நீதிமன்றம் இருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் வீடுகள், மேற்கே நம்மவர் வீடுகள்.

ஆனால் உண்மையில் நிர்வாகத்தின் அச்சாணி யார்? துபாஷி! கம்பெனிக்கு வியாபாரியைக் கொண்டு வந்தவர் அவர். முன்பணம் கொடுத்தால் சரக்கு வரும் என்று ஜாமீன் நின்றவர் அவர். கவர்னருக்கு ஊரின் மனதைச் சொன்னவரும் அவரே. நமக்கெல்லாம் பெயர் தெரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை அப்படிப்பட்டவர்தான். 1736 முதல் 1761ல் தாம் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். அந்தக் கணக்குப்பிள்ளை எழுதி வைக்காவிட்டால் பாதி சரித்திரம் மண்ணோடு மண்ணாகியிருக்கும்!

கதவைத் திற, போகிறோம்!

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஜெசூயிட் பாதிரிமார்கள் கவுன்சிலை ஓயாமல் நெருக்கினார்கள். கோவில்களை மூடு, திருவிழாவைத் தடை செய், துபாஷியாகக் கிறிஸ்தவரைத்தான் வை என்றார்கள். 1701க்குப் பிறகு பல முறை இந்த நெருக்கடி வந்தது. நெசவாளரும் வியாபாரிகளும் என்ன செய்தார்கள்? கல்லெறிந்தார்களா? கடைக்குத் தீ வைத்தார்களா? இல்லை! தறியை நிறுத்தினார்கள். குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போகிறோம் என்று நின்றார்கள்.

கவுன்சில் நடுங்கியது. ஏன்? ஜனங்கள் போனால் துணி இல்லை. துணி இல்லையென்றால் கப்பலுக்குச் சரக்கு இல்லை. கோட்டையும் பீரங்கியும் வைத்துக்கொண்டு யாரை ஆள்வது? ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

அடுத்து நைனியப்ப பிள்ளை என்ற துபாஷியின் சம்பவம். சென்னையிலிருந்து வசதியான வியாபாரிகளைப் புதுச்சேரியில் குடியேற வைத்தவர் அவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வந்ததும் அப்படித்தான். எபேர் என்ற கவர்னர் ஒரு முறை பதவி இழந்து, பாதிரிமார்களின் செல்வாக்கோடு 1715ல் திரும்ப வந்தார். 1716ல் நைனியப்பரைக் கைது செய்தார். விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. கடைவீதியில் நிறுத்திச் சவுக்கடி! சொத்து பறிமுதல்! சிறை! 1717ல் அந்த மனிதர் சிறையிலேயே இறந்து போனார்.

அவருடைய குடும்பத்தார் என்ன செய்தார்கள்? காகிதத்தைக் கையில் எடுத்தார்கள். பிரான்சு அரசுக்கு மனு மேல் மனு அனுப்பினார்கள். மகன் குருவப்பர் கடல் கடந்து பாரீசுக்கே போனார். தீர்ப்பு ரத்தானது. நைனியப்பர் குற்றமற்றவர் என்று ஆனது. எபேர் பதவியிழந்து நஷ்ட ஈட்டுக்கும் ஆளானார். அந்த மகனோ பாரீசில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராகி, மன்னரின் பட்டத்தோடு திரும்பி வந்து தகப்பனார் வகித்த பதவியில் அமர்ந்தார். நீதிக்காக அவர் கொடுத்த விலை என்ன என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும். நான் இளைஞர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: 300 ஆண்டுகளுக்கு முன்பே, சவுக்கடிக்குப் பதில் சொல்ல ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்த ஆயுதம் ஆவணம்!

ஆம்பூரில் விழுந்த யானை

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1736ல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் புதுச்சேரியில் வெள்ளி ரூபாய் அச்சடிக்க உரிமை கொடுத்தார். அதன் பிறகுதான் அந்தக் கடனாளிக் கம்பெனி கையில் காசு புழங்கியது. 1739ல் நவாபின் மருமகன் சந்தா சாகிப்பின் துணையோடு காரைக்கால் அவர்களுக்குக் கிடைத்தது. 1740ல் மராத்தியர் படையெடுத்து தாமல்செருவுக் கணவாயில் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். நவாப் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் புதுச்சேரிக்கு ஓடினார்கள். கவர்னர் துமா கதவைத் திறந்தார். ஒப்படைத்துவிடு என்று மராத்தியத் தளபதி மிரட்டியும் மறுத்தார். அடைக்கலம் கேட்டவரைக் கைவிடாதது நல்ல காரியம். யார் செய்தாலும் அதை நல்லது என்று சொல்வதே நம் பண்பாடு.

ஆனால் அந்த நன்றிக்கடன் பின்னால் என்ன ஆனது? மராத்தியர் சிறையிலிருந்து 1748ல் சந்தா சாகிப் வெளியே வந்தார். நிஜாம் குடும்பத்து முசபர் ஜங்கும் அவரும் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயோடு கைகோர்த்தார்கள். 1749 ஆகஸ்டு 3. இடம் ஆம்பூர்! ஒரு பக்கம் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான். மறுபக்கம் சந்தா சாகிப், முசபர் ஜங், பிரெஞ்சுத் துப்பாக்கிகள். முதிர்ந்த வயதில் யானை மீதிருந்து போர் செய்த அன்வருத்தீன் குண்டடி பட்டு மாண்டார். மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட்டார். இன்னொரு மகன் முகம்மது அலி திருச்சிக்குத் தப்பினார்.

வெற்றிக்குக் கூலியாக வில்லியனூர், பாகூர் பகுதிகளில் ஏறத்தாழ 80 கிராமங்கள் பிரெஞ்சுக்காரனுக்குப் போயின. அதற்குப் பின் நடந்ததை எண்ணிக் கொள்ளுங்கள். 1749ல் அன்வருத்தீன் மரணம். 1750ல் நாசிர் ஜங் கொலை. 1751ல் முசபர் ஜங் கொலை. 1752ல் சந்தா சாகிப் கொலை. ஆண்டுக்கு ஒருவர்! நால்வரும் முஸ்லிம்கள். பிரெஞ்சுக்காரனை நம்பியவரும் மிஞ்சவில்லை, எதிர்த்தவரும் மிஞ்சவில்லை. ஆங்கிலேயனை நம்பிய முகம்மது அலியாவது பிழைத்தாரா? கழுத்து வரை கடனில் மூழ்கினார். 1801ல் ஆற்காட்டு ஆட்சியே ஆங்கிலேயன் கைக்குப் போனது!

நாம் ஆண்ட பரம்பரை என்று மேடையில் முழங்குகிற தம்பிகளே! அந்த ஆட்சியில் ஆம்பூர் உழவனுக்கும் வாணியம்பாடி வியாபாரிக்கும் கிடைத்தது என்ன? படை போன பாதையில் மிதிபட்ட பயிர்தான்! அடுத்தவன் துப்பாக்கியை நம்பிக் கிடைக்கும் நாற்காலி நமக்கு வேண்டாம்.

ஒரு கோவிலும் ஒரு பள்ளிவாசலும்

இன்னொரு சம்பவம். இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். 1748ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அந்தச் சந்தடியில், பல ஆண்டுகளாகப் பாதிரிமார் கேட்டுக் கொண்டிருந்த காரியத்தை டூப்ளே முடித்து வைத்தார். செப்டம்பர் மாதம் வேதபுரீசுவரர் கோவில் இடித்துத் தள்ளப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வேதனையைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே நாட்களில் பள்ளிவாசல் மீதும் கை வைக்கப் பார்த்தார்கள். சிப்பாய்த் தலைவர் அப்துர் ரஹ்மான் கவர்னரிடம் போனார். பள்ளியைத் தொட்டால் ஒரு சிப்பாய் கூட உங்களிடம் இருக்க மாட்டான் என்று சொன்னார். கை பின்வாங்கியது. பள்ளிவாசல் தப்பியது.

இதைக் கேட்டவுடன் உங்கள் முகத்தில் பெருமிதம் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்! நம் பள்ளி தப்பியது நம் கையில் துப்பாக்கி இருந்ததால். அண்டை வீட்டாரின் கோவில் விழுந்தது அவர் கையில் துப்பாக்கி இல்லாததால். ஆயுதம் உள்ளவனின் வழிபாட்டுத் தலம் மட்டும் நிற்கும் என்றால் அதற்குப் பெயர் நீதியா? 1992 டிசம்பர் 6ல் நாம் துடித்தோமே, அந்தத் துடிப்பின் பொருள் என்ன? எவருடைய வழிபாட்டுத் தலமும் பலத்தால் இடிக்கப்படக் கூடாது என்பதுதானே! வேதபுரீசுவரர் கோவிலுக்காக வருந்த முடிந்தவனுக்குத்தான் பாபரி மஸ்ஜிதுக்காக நீதி கேட்கும் தகுதி முழுமையாக இருக்கிறது. இதை நெஞ்சில் எழுதிக் கொள்ளுங்கள்!

இடிந்த ஊர் எழுந்தது எப்படி?

யுத்தப் பேராசை ஊரைத் தின்றது. 1754ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1760ல் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரி 16ல் புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினார்கள். 1765ல் ஊர் திரும்பக் கிடைத்தபோது மீண்டும் வீடு கட்டத் தொடங்கினார்கள். யாரை வைத்து? சிதறிப்போன அதே நெசவாளி, அதே கொத்தனார், அதே வியாபாரி! பீரங்கி போனால் ஊர் பிழைக்கும். தொழிலாளி போனால் ஊர் பிழைக்காது.

இதே ஊரின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. ஏழைகளைப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றி மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் அனுப்பிய ஊரும் இதுதான். ஆள் கடத்தும் கும்பல் பற்றி நாட்குறிப்பே பேசுகிறது. 1848ல் பிரெஞ்சு ஆட்சியில் அடிமை முறை ஒழிந்தது. உடனே ஒப்பந்தக் கூலி முறை பெருகியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர்கள் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களில் இறங்கினார்கள். ஒரு காலனியை நிரப்ப இன்னொரு காலனியைக் காலி செய்தார்கள்! மறுபக்கம் காரைக்கால் மரைக்காயர்களும் மற்ற வியாபாரிகளும் சைகோன் வரை கடை பரப்பினார்கள். 1935ல் தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஒரே துறைமுகம். ஒருவன் சங்கிலியோடு போனான், ஒருவன் கணக்குப் புத்தகத்தோடு போனான்.

அதே 1848ல் பிரெஞ்சு இந்தியாவுக்கு ஓட்டுரிமை வந்தது. வந்தும் என்ன? பின்னாளில் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், நம்மவருக்கு வேறு பட்டியல் என்று பிரித்து, சிறு கூட்டத்துக்குப் பெரும் பங்கு கொடுத்தார்கள். 1936 ஜூலை 30ல் எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடைசியில் 1954 அக்டோபர் 18ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ல் அது சட்டப்படி முழுமையானது. 1967ல் அதே மண்ணில் பாரூக் மரைக்காயர் 29 வயதில் முதலமைச்சரானார். எந்த வெளிநாட்டுத் துப்பாக்கியும் அவரை உட்கார வைக்கவில்லை. எல்லாச் சமுதாயத்து மக்களின் ஓட்டுச் சீட்டு உட்கார வைத்தது!

நமக்கு என்ன?

சகோதரர்களே! நம் தோல் ஊர்களையும் அப்படித்தான் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று உலகம் பெயர் சொல்லி வாங்குகிறது. இந்தப் பெயரைச் சம்பாதித்தது முதலாளியின் பணம் மட்டும்தானா? சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய தொழிலாளி யார்? விடியற்காலை பஸ்சில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் யார்? இந்துவும் முஸ்லிமும், தலித் சகோதரனும், இப்போது வடமாநிலத்திலிருந்து வரும் பையனும்தானே! அவர்களுடைய கூலியை இழுத்தடித்து விட்டு, வருங்கால வைப்பு நிதியைக் கட்டாமல் விட்டுவிட்டு, பள்ளிவாசலுக்கு மார்பிள் போட்டுப் பயனில்லை. மர்த்தேனுக்குப் புரிந்தது நமக்குப் புரிய வேண்டாமா? தொழிலாளி மௌனமாகக் கிளம்பிப் போகிற நாள்தான் ஊர் சாகிற நாள்.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்றே வேலை. ஒன்று, உங்கள் குடும்பத்தின் ஆவணங்களைச் சரி செய்யுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பாருங்கள், பக்கத்து வீட்டு அம்மாவின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு, அநீதி நடந்தால் கையில் கல்லை எடுக்காதீர்கள், மனுவை எடுங்கள். சட்டம் படியுங்கள், கணக்கு படியுங்கள். மூன்று, 2019ல் நமக்குத் திருப்பத்தூர் மாவட்டம் வந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. பேரூராட்சி முதல் கலெக்டர் ஆபீஸ் வரை ஏறி இறங்கப் பழகுங்கள். நமக்காக மட்டுமல்ல, குடிதண்ணீர் கேட்டுக் குடத்தோடு நிற்கும் எல்லோருக்காகவும்.

அந்த ஆம்பூர்த் தம்பி அடுத்த முறை புதுச்சேரிக்குப் போவான். வாய்க்காலுக்குக் கிழக்கே நின்று படம் எடுத்துக் கொள்ளட்டும், தடையில்லை. ஆனால் வாய்க்காலைத் தாண்டி மேற்கேயும் நடக்கட்டும். நெசவாளி குடியிருந்த வீதி, காஜியார் தெரு, முல்லா வீதி எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. ஊரைக் கட்டியவர்களின் முகவரி அங்கேதான்!

வாக்கைக் காப்பாற்றும் சமுதாயமாக, அண்டை வீட்டாருக்கு அரணாக நிற்கும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக!